பழைய பென்டியம் 3: ரெண்டு ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து வருகுதில்லை

கோண்டாவில்பெடியன்:
அப்பா பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில டைப் பண்ணி வச்ச எங்கட கோயில் வரலாறு முழுக்க ஒரு பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்கில கிடக்கு. அந்தப் பெட்டி பழுதாப் போச்சு. கஸ்தூரியார் வீதியில விண்டோஸ் 98 போட்ட பென்டியம் 3 கணினி ஒண்டு வாங்கினன், அதுக்குள்ள சீகேட் டிஸ்க். ரெண்டையும் ஒரே ரிப்பன் கேபிளில கொழுவினா பயோஸில (கணினி தொடங்கேக்க வாற அமைப்புத் திரையில) ஒண்டும் காட்டுதில்லை. அப்பாவின்ர டிஸ்கைத் தனியப் போட்டா வருது. ரெண்டிலயும் ஜம்பர் (டிஸ்கின்ர பின்னுகளை இணைக்கிற சின்ன மூடி) இல்லை. என்ன செய்யலாம்?

பழையபெட்டி:
தனிய வருகுதெண்டா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு தம்பி, பயப்பிடாதேங்கோ. சிக்கல் ஜம்பரில. வெஸ்டர்ன் டிஜிட்டலில ஜம்பர் இல்லாட்டி, கேபிளில தான் மட்டும்தான் எண்டு அந்த டிஸ்க் எடுத்துக்கொள்ளும். சீகேட்டில ஜம்பர் இல்லாட்டி அது ஸ்லேவ், அதாவது கேபிளில ரெண்டாவது டிஸ்க். அப்ப மாஸ்டர், அதாவது முதலாவது டிஸ்க், ஆர்?

சீகேட்டை மாஸ்டர் ஆக்குங்கோ, அப்பாவின்ரயை ஸ்லேவ் ஆக்குங்கோ. எந்தப் பின்னில போடுறது எண்டு லேபிளில படம் இருக்கும். மாறிச் செய்யாதேங்கோ: அப்பாவின்ர டிஸ்கில இருந்து கணினியைத் தொடங்கினா (பூட் பண்ணினா), விண்டோஸ் புது மதர்போர்ட்டைக் கண்டு டிரைவர் எல்லாம் அதில எழுதத் தொடங்கிவிடும். அந்த டிஸ்கில இனி ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது.

80 கம்பிக் கேபிள் எண்டா நீல முனை மதர்போர்ட்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில சாம்பல் ஸ்லேவுக்கு. சிவப்புக் கோடு முதலாம் பின் பக்கம். அனேகமா பவர் வயர் பக்கமா வரும். சிடி டிரைவை மற்றக் கேபிளில விடுங்கோ.

நல்லூர்க்காரன்:
ஜம்பர் தேடி அலையாதேங்கோ, பழுதான மதர்போர்ட்டில கழட்டினது அனேகமாப் பொருந்தும். பிளக்கைக் கழட்டிப்போட்டு வேலை செய்யுங்கோ. கேபிள் 40 கம்பி எண்டா ஜம்பரைக் கேபிள் செலக்ட்டில (எது மாஸ்டர் எண்டு கேபிளே தீர்மானிக்கிற முறையில) விடாதேங்கோ.

பழையபெட்டி:
இன்னொண்டு. சீகேட்டில ரெண்டு பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரிச்ச பகுதி) இருந்தா, விண்டோஸ் 98 இல அப்பாவின்ர டிஸ்க் டி டிரைவ் ஆகும், சீகேட்டில முந்தி டியா இருந்த பகுதி ஈ ஆகும். டி எண்டு நினைச்சு எதையும் அழிச்சிடாதேங்கோ.

கோண்டாவில்பெடியன்:
அண்ணை, ரெண்டும் வந்திட்டுது! கோயில் கோப்பு எல்லாம் டியில கிடக்கு. இப்ப கொப்பி பண்ணுறன்.

பழையபெட்டி:
நல்லது தம்பி. விண்டோஸ் ஃபொல்டருக்குள்ள ஃபொண்ட்ஸில இருக்கிற பாமினியையும் சேர்த்து எடுங்கோ. அது இல்லாட்டி புதுக் கணினியில அப்பாவின்ர எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தாத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாத்தினாலும் மூலக் கோப்பை வச்சிருங்கோ.