குளிரூட்டிக்கு இழுக்கும் வடம்: தாங்குதிறனா, பொறையா?

பயிற்றுநர், திருகோணமலை:

அன்புள்ள நண்பர்களுக்கு,

குளிரூட்டி பொருத்துநர் வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். குளிரூட்டியின் வெளியலகுக்கு, அதாவது கட்டடத்துக்கு வெளியே நிற்கும் பகுதிக்கு, எந்தப் பருமனில் மின்வடம் இழுப்பது என்ற அத்தியாயம் ஒரு சொல்லால் தடைப்பட்டு நிற்கிறது. ஒரு கடத்தி, தன் காவலி (மேலே போர்த்திய மின்கடத்தா உறை) கெடாத வெப்பநிலைக்குள் நின்று, இடைவிடாமல் கொண்டுசெல்லக்கூடிய உச்ச மின்னோட்டத்தை ‘அம்பாசிற்றி’ என்கிறார்கள். வரைவில் ‘மின்னோட்டக் கொள்ளளவு’ என்று இருக்கிறது. அதை வகுப்பில் வாசித்தபோது, “கொள்ளளவி என்றால் கப்பாசிற்றர்தானே சேர், அதற்கும் வயருக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு மாணவர் கேட்டார். கேள்வி நியாயமானது. வெளியலகின் பக்கத் தகட்டைக் கழற்றினால், வடத்தை முடுக்கும் இணைப்புக் கட்டைக்குச் சாண் தூரத்திலேயே அந்த வெள்ளி நிற உருளை நிற்கும். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பது நல்லதல்ல. வேறு சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உப்புவெளி:

பொறை என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது எங்கும் தேடி அலையவேண்டியதில்லை. கொடு என்பது கொடை ஆனது போல, நிறு என்பது நிறை ஆனது போல, பொறு என்னும் வினை ஐகாரம் பெற்றுப் பொறை ஆகிறது. அது சுமையையும் குறிக்கும், அச்சுமையைத் தாங்கும் இயல்பையும் குறிக்கும். வடத்தின் வேலையும் அவ்விரண்டுமே. ஆகவே ‘ஓட்டப்பொறை’ என்று வையுங்கள். மயிற்பீலியே ஆனாலும் மிகுத்து ஏற்றினால் வண்டியின் அச்சு இற்றுவிடும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு, ஓட்டப்பொறையை மீறினால் காவலி உருகும் என்பதைப் புரியவைக்கத் தனிப்பாடம் வேண்டாம்.

வடத்தையும் சும்மா விடலாகாது. தேர்வடமும் முத்துவடமும் போல மின்வடமும் இழைகளின் கூட்டமே. கடைக்காரர் 7/0.67 என்று எடுத்துத் தருவது, 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு கம்பிகளை முறுக்கியதுதான். குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். ஏழின் முதல் குறுகி அது ‘எழுபுரி வடம்’ ஆகும். கயிற்றுக்குப் புரி எண்ணத் தெரிந்த கடற்கரையில் இச்சொல்லை யாரும் அந்நியமாகக் கருதமாட்டார்கள்.

விஞ்ஞான ஆசிரியை, மூதூர்:

ஐயா, பொறை அழகான சொல்தான். ஆனால் இக்கையேட்டை வாசிக்கப்போகும் பிள்ளைகளுள் பலர் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். பொறை என்றதும் அவர்களுக்குப் பொறுமை நினைவுக்கு வந்தாலே பெரிய காரியம். பரீட்சைத் தாளில் அது பொறியாகும், பாறையாகும், பாறை என்றால் எங்கள் பக்கத்தில் மீன். ‘மின்னோட்டத் தாங்குதிறன்’ என்றால் விளக்கமே தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்பது, வாற்றில் அளக்கும், நாம் வலு என்று சொல்வதையே. ஆதலால் அங்குள்ளவர் இதை வாற்றுக் கணக்கு என்று மயங்கக்கூடும். நம் மாணவருக்கு அந்த மயக்கம் இல்லை.

மின் பொறியியலாளர், திருகோணமலை:

இரண்டு சொல்லிலும் ஒரே குறையைக் காண்கிறேன். இரண்டுமே இந்த அளவை வயரோடு கூடப்பிறந்த குணமாகக் காட்டுகின்றன. அது அப்படியன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

24,000 பி.டி.யூ. குளிர்விக்கும் அளவுள்ள அலகு ஒன்று ஓடும்போது சுமார் 10 அம்பியர் எடுக்கும். அதற்கு 20 அம்பியர் சுற்றுடைப்பான் (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஆளி) போடும்படி பொருத்தற் குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்தானிய வயரிங் ஒழுங்குவிதியின்படி, பீவீசி காவலியுள்ள 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்குச் சுவர்மேற் குழாயில், 30 பாகை செல்சியசில், 24 அம்பியர் கொடுக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயில் விழும் மேற்குச் சுவரில், குழாயைச் சூழ்ந்த வெப்பநிலையை 40 பாகையாகக் கொள்வதே முறை, 0.87ஆல் பெருக்கினால் 20.9 அம்பியர்தான் மிஞ்சும். அதே குழாயில் இன்னோர் அலகின் வயரையும் திணித்தால் மேலும் 0.8ஆல் பெருக்கவேண்டும், 16.7க்கு இறங்கிவிடும். இப்போது 20 அம்பியர் சுற்றுடைப்பான் அந்த வயரைக் காப்பாற்றாது. 4 சதுர மில்லிமீற்றருக்கு 32 அம்பியரில் தொடங்கி அதே கழிவுகளைச் செய்தால் 22.3 வரும், ஆகவே அதையே இழுக்கவேண்டும். 25 மீற்றர் நீளத்தில் 10 அம்பியருக்கு 2.5 வயரின் வோல்ற்றளவு வீழ்ச்சி 4.5 வோல்ற்று, 230இல் 5 சதவீதம் என்ற எல்லையான 11.5க்கு அது வெகு கீழே. தீர்ப்பைச் சொல்வது இங்கே நீளமன்று, சூடு.

வயர் மாறவில்லை, இடம் மாறியது, அளவும் மாறியது. எனவே இது திறனன்று, நாம் கொடுக்கும் அனுமதி. ‘அனுமதி மின்னோட்டம்’ என்பதே என் பரிந்துரை. அம்பாசிற்றியும் பழஞ்சொல் அன்று. டெல் மார் என்ற பொறியியலாளர் 1951இல் அம்பியர், கப்பாசிற்றி என்ற இரு சொற்களை ஒட்டி முன்மொழிந்ததுதான். இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள்: உப்புக் காற்றில் பச்சை பூத்த திருகாணி இணைப்பு எவ்வளவு தடித்த வயரையும் நுனியில் கருக்கிவிடும், அது எந்த அட்டவணையிலும் வராது.

தமிழாசிரியர், உப்புவெளி:

பொறியியலாளர் தம்மை அறியாமலே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார். ஒட்டுப்போட்ட ஒரு சொல்லை அவர்கள் பழகிக்கொண்டார்கள் என்றால், பொறையைப் பழக நமக்கு என்ன தடை? அனுமதி வடசொல், வேண்டுமானால் ‘இசைவோட்டம்’ என்னுங்கள், அதையாவது ஒருவாறு ஏற்கலாம். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் நடமாடிய ஊரில் அச்சாகும் கையேட்டுக்குத் தாங்குதிறன் என்ற தட்டையான சொல்தானா கிடைத்தது?

ஆசிரியை, மூதூர்:

இசைவோட்டம் என்றால் பிள்ளைகள் சங்கீத பாடமோ என்பார்கள், ஐயா.

பயிற்றுநர், திருகோணமலை:

அனைவருக்கும் நன்றி. எனக்குத் தனிமடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் தாங்குதிறனையே ஏற்கிறார்கள். இனி விவாதிக்கத் தெம்பில்லை என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அட்டவணையின் தலைப்பை ‘மின்னோட்டத் தாங்குதிறன்: 30 பாகை, குழாயினுள் தனிச்சுற்று’ என்று அமைக்கிறேன். பொறியியலாளரின் ஆட்சேபம் நியாயமானதால், நிபந்தனை இல்லாமல் அச்சொல் எங்கும் தனியே வராது, 16.7 அம்பியர்க் கணக்கும் பயிற்சி வினாவாக இடம்பெறும். எழுபுரி வடம் அடிக்குறிப்பில் வரும்.

தமிழாசிரியர், உப்புவெளி:

என் மாறுபாட்டைப் பதிந்துகொள்ளுங்கள். தவிர, கையேடு முழுவதும் ‘வோல்ற்றளவு’ என்று இருப்பதாக அறிகிறேன். ய, ர, ழ மூன்றையன்றி வேறு மெய்யின் பின் ஈரொற்று வராது என்பது தெரிந்ததே. லகரத்தின் பின் இரண்டு றகரங்களை யார் அனுமதித்தது? நாளை விரிவாக எழுதுகிறேன்.