கதைப் புத்தகமா, தகவல் புத்தகமா? சிறு குழந்தைகளுக்குப் பிரித்துக் காட்டும் வழிகள் – அனுபவப் பகிர்வு

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை

5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகத்தையும் தகவல் புத்தகத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருபவர்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்? குழந்தைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்? "கதை என்றால் பொய், தகவல் என்றால் உண்மை" என்று சொல்லிக்கொடுத்தால் சீக்கிரமே சிக்கல் வந்துவிடுகிறது. கதைப் புத்தகத்தை எடுத்தாலே "இது பொய்தானே மிஸ்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். விவரமாக எழுதுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர், 1 முதல் 3 வகுப்பு

'பொய்' என்ற சொல்லே வகுப்பில் வேண்டாம் மிஸ். பொய் சொல்பவர் ஏமாற்ற நினைக்கிறார். கதை சொல்பவர் அப்படியில்லை, கேட்பவருக்கும் அது கதை என்று தெரியும். அதற்குப் பதில் "இதை எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்ற ஒரே கேள்வியைப் பழக்குங்கள். போய்ப் பார்க்கலாமா, செய்து பார்க்கலாமா, தெரிந்தவரைக் கேட்கலாமா, இல்லை எழுதியவர் மனதில் மட்டும் இருக்கிறதா?

ஒரே பொருளில் ஒரு கதையும் ஒரு தகவலும் ஜோடியாக இருந்தால் பாடம் நன்றாக அமையும். காகம் மிக வசதி, ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கும். எட்டு காகிதப் பட்டைகளில் எட்டு வரிகள் எழுதிக் கலைத்து வையுங்கள். "காகம் நரியிடம் பேசியது", "வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம்", "குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும்", "பாட்டி சுட்ட வடையைக் காகம் தூக்கிக்கொண்டு போனது" என்ற மாதிரி. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு, பிரித்து அடுக்கப் பத்து நிமிடம்.

முதல் இரண்டையும் எல்லோரும் சரியாக வைப்பார்கள். தடுமாற்றம் கடைசி இரண்டில்தான். குயில் வரி ஆச்சரியமாக இருப்பதால் அது கதைப் பக்கம் போய்விடும். காகம் தின்பண்டத்தைத் தூக்குவதைக் குழந்தைகள் தினமும் பார்ப்பதால் வடை வரி தகவல் பக்கம் போய்விடும். அதாவது, பழக்கமானது எல்லாம் உண்மை, விசித்திரமானது எல்லாம் கதை என்று முடிவு செய்கிறார்கள். இதைக் கலைப்பதற்குத்தான் இந்தப் பாடமே. பேசும் விலங்குகளை மட்டும் உதாரணம் காட்டிவிட்டு நிறுத்தினால் இந்தத் தவறு வெளியே வராது. பள்ளிக்குப் போகும் பையன், சந்தைக்குப் போகும் அம்மா என்று நடக்கக்கூடிய கதைகளையும் அவசியம் கலக்க வேண்டும்.

அடுத்த நாள் தாகமுள்ள காகத்தின் கதை. ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர், மற்றதில் கால் பங்கு. கோலிக்குண்டு அளவுக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். முதல் டம்ளரில் நீர் விளிம்புக்கு வந்துவிடும். இரண்டாவதில் கல் விளிம்புவரை நிரம்பினாலும் நீர் ஏறக்குறைய அறுபது சதவீத உயரத்திலேயே நின்றுவிடும். உருண்டைக் கற்களுக்கு இடையே சுமார் நாற்பது சதவீதம் இடைவெளி இருப்பதால், குறைவான நீர் அதற்குள்ளேயே அடங்கிப் போகிறது. செங்கல் துண்டு போடாதீர்கள், நீரை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும்.

செய்து முடித்ததும் "அப்போ கதை நிஜம்தான்!" என்று கத்துவார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கலாம். 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில் ரூக் என்ற காக்கை இனப் பறவைகள் குழாய்க்குள் கல் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்தன. கல் போட்டால் நீர் உயரும், சில காக்கை இனங்களால் அது முடியும். இவை தகவல். ஒரு கோடையில் ஒரு காகம் ஒரு பானையைப் பார்த்தது என்பது கதை. கதைக்குள் தகவல் இருக்கலாம், இருந்தாலும் அது கதைதான். இதைப் பலகையில் எழுதிவைத்துவிடுவது நல்லது. திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

சிறுவர் நூலகர்

ஆசிரியர் சொன்ன பட்டை முறைக்கு முன்பே புத்தகத்தின் உடம்பைத் தொட்டுப் பார்க்க விடலாம். பொருளடக்கம், படத்துக்குக் கீழே பெயர், பாகங்களைக் காட்டும் அம்புக்குறி, கடைசியில் சொற்பட்டியல் ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். "நடுப்பக்கத்தைத் திறந்து அங்கிருந்து படிச்சா புரியுதா?" என்பது நல்ல சோதனை. தகவல் புத்தகம் பெரும்பாலும் புரியும், கதை புரியாது.

ஆனால் இவை அடையாளங்கள் மட்டுமே. புகைப்படம் இருந்தால் தகவல், வரைந்த படம் இருந்தால் கதை என்று குழந்தைகள் தாங்களாகவே ஒரு விதி செய்துகொள்வார்கள். புகைப்படங்களோடு வந்த ஒரு கதையையும், வரைந்த படங்களோடு வந்த ஒரு பூச்சித் தகவல் புத்தகத்தையும் அருகருகே வைத்தால் அந்த விதி உடைந்துவிடும்.

அலமாரி எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. நூலகங்களில் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் பறவைகள் 598-இல் வரும். நாட்டுப்புறக் கதைகளோ 398.2-இல், சமூக அறிவியல் வரிசைக்குள் இருக்கும். "எண் இருந்தால் தகவல்" என்று சொல்லிவைத்தால் பேசும் நரி அங்கேயும் வந்து நிற்கும். சிறுவர் பகுதியில் புத்தகத்தின் முதுகில் இரண்டு நிற ஒட்டிகள் போதும். ஒட்டுவதற்கு முன் எந்த நிறம் என்று குழந்தைகளையே வாதாட விடுங்கள். முடிவாகாத புத்தகங்களை ஒரு கூடையில் போட்டுவையுங்கள். அந்தக் கூடையைச் சுற்றித்தான் நல்ல பேச்சு நடக்கும்.

குழந்தை நூல் பதிப்பாசிரியர்

அந்தக் கூடையில் அதிகம் சேர்வது "நான்தான் மழைத்துளி பேசுகிறேன்" வகை. நம் பள்ளிகளில் பேனா பேசும், மரம் பேசும், ஆறு பேசும். எழுதிப் பழக அது அழகான பயிற்சி, அறிவியல் சொல்லத்தான் குழப்புகிறது. 2014-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா கனேயாவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், விலங்குகள் மனிதரைப் போல நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதிய புத்தகங்களைக் கேட்ட சிறு குழந்தைகள், உண்மையான விலங்குகளுக்கும் அந்தக் குணங்கள் உண்டு என்று சொல்வது கூடியது.

தீர்வு எளிது. 'நான்' என்பதை எடுத்துவிட்டு வரியை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். "வெயில் பட்டதும் நான் ஆவியாகி மேலே போனேன்" என்பது "தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே போகும்" என்று மாறும். "மேகத்தில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது" என்பது எப்படி மாற்றினாலும் நிற்காது. மாறிய வரிக்குக் கீழே பச்சைக் கோடு, நிற்காத வரிக்கு மஞ்சள். இரண்டாம் வகுப்புக் குழந்தைகளால் ஒரு பக்கம் முழுக்கச் செய்ய முடியும்.

அம்மா, வீட்டிலேயே வாசித்துக் காட்டுபவர்

மூன்று, நான்கு வயதில் இவ்வளவும் வேண்டாம் என்பது என் கருத்து. "நிஜமா, விளையாட்டா?" என்ற அளவு போதும். கதை ஓடும்போது இடையில் நிறுத்தி இதைக் கேட்கவும் கூடாது, கதை செத்துவிடும். படித்து முடித்த பிறகு, அதுவும் எப்போதாவது கேட்டால் போதும். தூங்க வைக்கும் கதையில் கேட்கவே வேண்டாம்.

சாமி கதைகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். "பிள்ளையார் நிஜமா மிஸ்?" என்று கேட்டால்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர், 1 முதல் 3 வகுப்பு

சாமி கதையை இந்த அடுக்கும் விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள் அம்மா. அது வீட்டின் நம்பிக்கை. "பெரியவங்க தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வர்றது, வீட்டில தாத்தா பாட்டிகிட்ட கேளு" என்று சொல்வதுதான் மரியாதை.

வரலாற்றை மூன்றாம் வகுப்பில் எடுக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் 1010-இல் முடித்தான் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது மக்கள் சொல்லிவருவது. காலையிலோ மாலையிலோ போய் நின்றால் நிழல் விழுவதைப் பார்க்கலாம். தெனாலிராமன் கதைகளில் வரும் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை உண்மையிலேயே ஆண்டவர். கதைகளில் நடக்கும் வேடிக்கைகளோ வாய்வழியாகச் சேர்ந்தவை. "கல்வெட்டில் இருக்கு", "சொல்றாங்க", "கற்பனை" என்று மூன்று பெட்டிகள் வைத்தால் குழந்தைகள் தாங்களே பிரிப்பார்கள்.

சிறுவர் நூலகர்

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். தகவல் புத்தகத்தில் பிழை கண்டால் "அப்போ இது கதை" என்று குழந்தைகள் சொல்வார்கள். பழைய புத்தகங்களில் ஒன்பது கோள்கள் இருக்கும். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்தபோது புளூட்டோ குறுங்கோள் ஆனது. அந்தப் புத்தகம் கதை ஆகிவிடாது, காலாவதியான தகவல் புத்தகம். முதல் பக்கத்துக்குப் பின்னால் உள்ள அச்சிட்ட ஆண்டைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தவறான பக்கத்தில் சரியான விவரத்தையும், அதை எங்கே பார்த்தோம் என்பதையும், தேதியையும் ஒரு சீட்டில் எழுதிச் செருகச் சொல்லுங்கள். பசை வேண்டாம், தாள் கிழிந்துவிடும்.