புதுப்பிப்பு: ரைஸ் மில் தூசியும் அப்பாவின் இருமலும்

ரைஸ் மில்லில் 22 வருஷமாகத் தவிடு பிடிக்கும் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று மார்கழியில் எழுதியிருந்தேன். ‘ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுங்க’ என்றவர்களுக்கு ரொம்ப நன்றி. எடுத்தாச்சு.

டாக்டர் பீக் ஃப்ளோ மீட்டரை (மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று காட்டும் சின்னக் கருவி; எண் கூடினால் நல்லது) வீட்டுக்கே கொடுத்து, தினமும் நாலு வேளை ஊதிக் குறிக்கச் சொன்னார். வேலை நாள் சாயங்காலம் 240. பொங்கலுக்கு வீட்டில் இருந்தபோது மெல்ல ஏறி 330. வேலையில் குறைந்து வீட்டில் ஏறுகிறதே என்று, நோட்டைப் பார்த்ததுமே தொழில்வழி ஆஸ்துமா, அதாவது வேலையிடத் தூசியால் வருவது என்றார். இத்தனை நாள் பீடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காதாம். இன்ஹேலர் ஆரம்பித்தாச்சு, ஆனாலும் தூசியை விட்டு விலகுவதுதான் முக்கியம். எடைமேடைக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறோம். வேலையால் வரும் நோய்க்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் உள்ள பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது; அதற்கு ஆதாரமாக நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நேற்றும் அப்பா சட்டையை உதறினார், வாசல்படியெல்லாம் தவிடு.