நிலவேம்புச் சாற்றில் பச்சையை நீக்க வழி சொல்லுங்களேன்

மக்களே, நாகர்கோவிலில் எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட் செய்கிறேன். தக்கலைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த நிலவேம்பு இலையை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து அதன் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராபோலைடைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன், ஆனால் பச்சையமும் கூடவே வந்து டிஎல்சி (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குப் பிரிகை) தகட்டில் நீளமாக இழுத்துக்கொண்டு போகிறது. கரித்தூள் போட்டு வடிகட்டினால் நிறம் குறையும், சரி, நமக்கு வேண்டிய சேர்மத்தையும் அது கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுமே என்றுதான் பயம். முதலில் இலையை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கழுவிவிட்டு அப்புறம் மெத்தனாலுக்குப் போனால் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

படிகம் கிடைத்ததும் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை) எடுக்க வேண்டும். 223 நானோமீட்டரில் யுவி (புற ஊதா ஒளி) உறிஞ்சல் உச்சம் தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து அமைப்பை உறுதிசெய்ய முடியாதே. திருவனந்தபுரத்தில் வெளி மாணவர்களின் மாதிரியை வாங்கிச் செய்துதரும் ஆய்வகம் யாருக்காவது தெரியுமா? அங்கே என்றால் காலையில் பஸ் ஏறி மாலைக்குள் திரும்பிவிடலாம், சென்னைக்குப் போய்வரச் செலவு கட்டாது.