புதுப்பிப்பு: மைசூர்பாகும் தராசும்

ஒரே கிண்ணத்தால் அளந்தும் என் மைசூர்பாகு ஒருமுறை மென்மையாகவும் மறுமுறை வறண்டு உதிர்வதாகவும் வருவதேன் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே மயிலாப்பூரில் ஒரு மின்னணுத் தராசு வாங்கி வந்து நிறுத்துப் பார்த்ததில், 240 மில்லி கிண்ணத்தில் சலித்துத் தூவிய கடலைமாவு 92 கிராமாகவும், டப்பாவிலிருந்து அழுத்தி அள்ளியது 124 கிராமாகவும் இருந்தது. சர்க்கரையோ எப்படி அள்ளினாலும் 200 கிராமை ஒட்டியே நின்றது. ஏமாற்றியது மாவுதான். உறைந்த நெய்யிலும் இடையிடையே காற்று தங்கிவிடுவதால், அதை உருக்கியே அளக்கிறேன். பாகின் பதத்தைத் தராசு சொல்லாது, அதற்கு விரல்தான் வேண்டும். இட்லிக்கு மட்டும் அம்மாவின் பழைய ஆழாக்கையே வைத்துக்கொண்டிருக்கிறேன். அரிசியும் உளுந்தும் மாவைப்போல் அமுங்குவதில்லை என்பதால், நான்குக்கு ஒன்று என்ற கணக்கு இதுவரை பிசகவில்லை.