ஓநாயை நேரில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேட்டுப்புல் (புனே):

புனேக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஓநாயைப் பார்த்தேன். காட்டில் இல்லை, சாஸ்வட் பக்கம் ஊரை ஒட்டிய வெட்டவெளியில். முழங்கால் உயரப் புல், அங்கங்கே ஒரு வேலமரம், தூரத்தில் பிளாட் போட்டு நட்ட கல். இந்திய ஓநாய்க்கு இதுதான் வீடு. பனிமலையையும் நிலவையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குச் சப்பென்றிருக்கும். ஆளும் சின்னது: இருபது கிலோ சொச்சம், வெயிலுக்கேற்ற குட்டை முடி, நீளக் கால்.

மழைக்காலம் முடியும் சமயம். தன்கர் மேய்ப்பர்கள் கிடை போட்டிருந்தார்கள். கயிற்று வலைக்குள் செம்மறிகள், வெளியே சுமை தூக்கும் குதிரைகள், கழுத்தில் ஆணிப்பட்டை கட்டிய நாய்கள். பொழுது சாயும்போது பெரியவர் ஒருவர் எதிர்மேட்டைக் காட்டி, "லாண்ட்கா" என்றார், மராத்தியில் ஓநாய். பக்கத்து ஊர்க்காரன் வருகிறான் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

பைனாகுலரில் பார்த்தால் மூன்று. ஒரு ஜோடி, கூடவே போன குளிர்காலத்தில் பிறந்த குட்டி. குட்டிக்கு உயரம் வந்துவிட்டது, நிதானம் வரவில்லை. வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டிருந்தது. தாய் உட்கார்ந்ததும் ஓடிவந்து, காதை ஒட்ட மடக்கி, வயிறு தரையில் படும்படி குனிந்து, தாயின் வாயோரத்தை நக்கியது. சின்னக் குட்டிகள் இப்படி நக்கினால் பெரியவை விழுங்கிவந்த கறியைக் கக்கிக் கொடுக்கும். இந்த வயதில் அதெல்லாம் எங்கே? தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வளர்ந்த ஓநாய்கள் பெரியவற்றுக்குக் காட்டும் பணிவும் கிட்டத்தட்ட இதே அசைவுதான்.

கூட்டத்துக்கு ஒரு 'ஆல்பா' (தலைமை ஓநாய்), அது சண்டை போட்டுப் பதவி பிடிக்கும் என்கிற கதை 1947இல் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷென்கல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. அதைத் தன் 1970 புத்தகத்தில் பிரபலமாக்கிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் (Mech), கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்த பிறகு, 1999இல் அதை மறுத்து எழுதினார். பெரும்பாலும் அது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான்.

அப்புறம் ஆண் ஓநாய் மேட்டை விட்டு இறங்கி, நாய்கள் பார்க்கும்படி நின்றது. நாய்கள் குரைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடின. தாயைக் காணோம். பெரியவர் சிரித்தபடியே தடியை எடுத்துக்கொண்டு கிடையின் பின்பக்கம் போனார். ஓடைப் பள்ளத்தில் அது பதுங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு அதட்டல் போட்டதும் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போய்விட்டது. "ஓநாய்க்கு ஒரு பங்கு போனால்தான் கிடை பெருகும்" என்றார் பெரியவர். மகனுக்கு அதில் உடன்பாடில்லை. "சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவன் நான்தானே, பங்கு கணக்கு எனக்குத்தான் தெரியும்" என்றான்.

வெண்பனி (டென்வர்):

எங்கள் பக்கம் ஓநாயைப் பார்ப்பதே ஒரு திருவிழா. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926 வாக்கில் சுட்டுத் தீர்த்துவிட்டு, 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்காலத்திலும் கார் போகிற ஒரே சாலை லமார் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. நான் போனது பிப்ரவரியில். விடியும் முன்பே சாலையோரம் வரிசையாக முக்காலியும் தொலைநோக்கியும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன்னுடையதில் பார்க்கச் சொல்லி இடம் விட்டார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பனியில் கருப்புப் புள்ளிகள், அதில் ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. எங்களை அது கண்டுகொள்ளவே இல்லை.

குடும்பம் என்று சொன்னீர்கள், சரிதான். ஆனால் குடும்பம் என்றால் அன்பு மட்டுமா? அந்த ஆசிரியை, ஆய்வாளர்கள் 21 என்று எண் கொடுத்த ஆண் ஓநாயின் கதையைச் சொன்னார். அதன் தகப்பன் 1995லேயே சுடப்பட்டுச் செத்தது. வேறொரு இளம் ஆண் வந்து தாயோடு சேர்ந்து குட்டிகளை வளர்த்தது. 21 வளர்ந்த பிறகு, ஆண்களை இழந்து நின்ற ட்ரூயிட் என்ற ஓநாய்க் கூட்டத்தில் சேர்ந்து அங்கிருந்த குட்டிகளுக்குத் தகப்பனானது. அதே கூட்டத்தில் 40ஆம் எண் பெண் தன் சகோதரி 42ஐப் படுத்தாத பாடு இல்லை. 2000இல் 40 குதறப்பட்டுக் கிடந்தது. செய்தது அதன் சொந்தக் கூட்டத்துப் பெண்கள்தான் என்று கருதுகிறார்கள்.

சந்திரா (லக்னோ):

இரண்டு பேரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது ஓநாயை அல்ல, ஓநாய்க்குப் பயந்த ஊர்களை. 2024இல் பஹ்ராய்ச் மாவட்டம் மஹ்ஸி பக்கம் வேலையாகப் போயிருந்தேன். பல வீடுகளுக்குக் கதவே கிடையாது. புழுக்கத்துக்கு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்குகிற ஊர்கள். அப்படித் தூங்கிய குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு போனது. ராத்திரி முழுக்க ஆண்கள் லத்தியும் டார்ச்சுமாகச் சுற்றினார்கள். ட்ரோன் பறந்தது. வண்ணத் துணிப் பொம்மைகளில் குழந்தைகளின் மூத்திரத்தை நனைத்து ஆற்றங்கரையில் வைத்திருந்தார்கள், மனித வாடைக்கு ஓநாய் வரட்டும் என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், 'ஓநாயும் குடும்பஜீவிதான் அம்மா' என்று யாராவது சொல்ல முடியுமா?

மேட்டுப்புல் (புனே):

முடியாது, சந்திரா அக்கா. 1996இலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பக்கம் இதே கொடுமை நடந்தது. காவல் இல்லாத குழந்தை, தடுப்பில்லாத வீடு, சுற்றிலும் இரை இல்லாத நிலம், எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போதுதான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. எங்கள் மேய்ப்பர்களும் குழந்தைகளோடுதான் வெட்டவெளியில் படுக்கிறார்கள். ஆனால் நாயும் விழித்திருக்கிற பெரியவர்களும் நடுவில் உண்டு. ஓநாயை நம்பி யாரும் அங்கே தூங்குவதில்லை.

இங்கே எனக்குக் கவலை வேறு. அந்தப் புல்வெளி அரசுக் கணக்கில் தரிசு. பண்ணைவீடு வந்தது, குப்பை வந்தது, பின்னாலேயே தெருநாய்க் கூட்டம். அவற்றிடமிருந்து ஓநாய்க்கு நோயும் தொற்றுகிறது, கலப்பும் நடக்கிறது. புனே அருகே ஒரு கலப்பினத்தை மரபணுச் சோதனையில் உறுதிசெய்தும் விட்டார்கள்.

வார இறுதியில் ஜீப்போடு கிளம்பி வருகிறவர்களுக்கு ஒன்று: குளிர்காலம்தான் குட்டி போடும் காலம். பொந்துக்குப் பக்கத்தில் வண்டியை விட்டால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும், வழியில் நாய்கள் நிற்கும். சாலையிலேயே நின்று பாருங்கள். இடம் எங்கே என்று இங்கே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.