புதுப்பிப்பு: ஃபிளாஷ் படங்களுக்கு நடுவே வரும் தாமதம்

ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால், அடுத்ததற்குக் கேமரா நெடுநேரம் காக்க வைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பெருமளவு சரியாகிவிட்டது.

ஃபிளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி மறுபடி நிரம்ப எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். அல்கலைன் பேட்டரிகளை எடுத்துவிட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் வகை) போட்டேன். 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான்; ஆனாலும் உள்மின்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு வரும் தடை) குறைவு என்பதால் மின்தேக்கி சீக்கிரம் நிரம்புகிறது.

அதைவிடப் பெரிய பலன், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) 100-லிருந்து 400-க்கு ஏற்றியதில் கிடைத்தது. அதே படத்துக்குக் கால் பங்கு ஃபிளாஷ் ஒளியே போதும்; அதனால் மின்தேக்கி மறுபடி நிரம்பவும் குறைந்த நேரமே ஆகும். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும்தான். நல்ல முகபாவத்தைத் தவறவிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம், சிவப்புக்கண் குறைப்பை, அதாவது ஃபிளாஷில் கண்கள் சிவப்பாகத் தெரியாமலிருக்க முன்கூட்டியே ஒரு வெளிச்சம் போடும் வசதியை, அணைத்துவிடுங்கள். அந்த முன்வெளிச்சம் ஷட்டரையே தாமதப்படுத்தும்.